முதல் ஆறு கட்டம் காலி

போன ஞாயிறு பூவத்துக்குப் போனேன். என் சித்தி மகள் கலைவாணி மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தாள். மண்டபத்தூர் மீன் என்றாள். நம்பிப் போனேன்.

மீன் இருந்தது... கூடவே ஒரு பஞ்சாயத்தும் இருந்தது.

அவளும் கணவர் செல்வமும் கம்ப்யூட்டர் ஆட்கள். வீட்டிலிருந்தே வேலை. ஃபோர்ட்ரான் என்றொரு புரோகிராமிங் மொழி — நம்மில் பலருக்கு முன்பே பிறந்து, இன்னும் ஓய்வு பெறாதது. அதன் விதிகளைப் புதுப்பிக்கும் கமிட்டியில் கலைவாணி ஒரு உறுப்பினர். பழைய எழுத்துமுறை ஒன்றை நீக்கலாமா என்று கருத்துக் கேட்டிருக்கிறார்கள். அன்று மாலைக்குள் பதில் அனுப்ப வேண்டும்.

சண்டை எதற்கு? காலி இடத்துக்கு.

அந்தக் காலத்தில் புரோகிராமை அட்டையில் துளையிட்டுக் கொடுப்பார்களாம். அட்டைக்கு எண்பது கட்டம். முதல் ஆறில் கட்டளை எழுதக் கூடாது. எழுபத்திரண்டைத் தாண்டி எழுதினால் இயந்திரம் படிக்காது. அட்டை ஒழிந்துவிட்டது. கட்டம் ஒழியவில்லை. புது முறை வந்து வெகுகாலமாகியும், பழையதும் செல்லும் என்கிறது விதி.

பத்திரிகையில் எழுத்தெண்ணித் தலைப்பு வைத்துப் பழகியவன் நான். தலைப்பு நீண்டால் எடிட்டர் திட்டுவார். இங்கே திட்டக்கூட ஆளில்லை — மிச்சத்தை இயந்திரம் சத்தமில்லாமல் விட்டுவிடுமாம்.

பழைய முறையை நீக்க வேண்டும் என்கிறாள் கலைவாணி. கூடாது என்கிறார் செல்வம். காரணம் மொழிப்பற்று அல்ல. அவருடைய பெங்களூரு கம்பெனியில், அணை நீரைக் கணக்கிடும் புரோகிராம் ஒன்று முழுக்க அந்தக் கட்டங்களில்தான் இருக்கிறது. படிக்கத் தெரிந்தவர் இவர் ஒருவரே. அதனால்தான் பூவத்திலேயே இருக்க விட்டிருக்கிறார்கள். காலையில் வயல், பிறகு லேப்டாப். விதியில் பழையது போனால் கம்பெனி புது முறையில் மாற்றி எழுதிவிடும்; பிறகு யாரும் படிக்கலாம். செல்வம் பெங்களூருக்கு மூட்டை கட்டலாம்.

"சம்பா நட்டிருக்கேன் மச்சான். விட்டுட்டுப் போவச் சொல்றா."

"நீங்க பூவத்துல இருக்கணும்னு உலகமே ஆறு கட்டத்தைக் காலியா விடணுமா?" என்றாள், அவர் இலையில் குழம்பை ஊற்றிக்கொண்டே.

அடுத்து, போன மாதக் கதையை எடுத்தாள். செல்வம் 1200 என்று எழுதியதில் கடைசிச் சுழி எழுபத்து மூன்றாவது கட்டத்தில் விழுந்துவிட்டது. இயந்திரம் 120 என்று படித்தது. திரையில் அணை வறண்டது. இரண்டு நாள் தேடினார். தண்ணீர் குடிக்க எழுந்து வந்த கலைவாணி, பின்னால் நின்று கட்டத்தை எண்ணிச் சொன்னாளாம்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல அண்ணே. நெசமாவே வறட்சின்னு நெனச்சுட்டாரு."

செல்வம் மீன் முள்ளை மிகுந்த கவனத்தோடு எடுத்தார்.

தீர்ப்பு என்னிடம் வந்தது. மீன் சாப்பிட்டவன் எந்தப் பக்கம் பேசுவான்? நம் ஊரை ஆண்ட பிரெஞ்சுக்காரர்கள் போய் எவ்வளவோ காலமாகியும் நாம் வீட்டு வரி கட்டுவது அவர்கள் விட்டுப்போன கொம்யூன் பஞ்சாயத்தில்தானே என்றேன். பழசு இருக்கட்டும் என்று சொன்னதாக செல்வம் எடுத்துக்கொண்டார். இதற்கு மேலும் தாமதிக்கக் கூடாது என்று சொன்னதாகக் கலைவாணி எடுத்துக்கொண்டாள். இருவரும் எனக்கு இன்னொரு துண்டு வைத்தார்கள்.

ஐந்து மணிக்கு அவள் 'நீக்கலாம்' என்று அனுப்பினாள். செல்வம் வயல் பக்கம் கிளம்பச் செருப்பை மாட்டினார்.

"இருங்க," என்றாள் கலைவாணி. "விதியில எடுத்தாலும், புரோகிராமை இயந்திரத்துக்குப் புரிய வைக்கிற கம்பைலரைச் செய்யிற கம்பெனி எதுவும் எடுக்காது. பழைய கஸ்டமரை யாரு பகைச்சுக்குவா? உங்க புரோகிராம் பாட்டுக்கு ஓடும். புதுசாப் படிக்கிற பிள்ளைங்கதான் இதைத் தொடாது. அப்பறம் இது தெரிஞ்ச ஆளு உங்களை விட்டா யாரு இருக்கா? ஆயுசுக்கும் பூவம்தான்."

ஒன்றை வழக்கில் விட்டுவைத்தால் பத்துப் பேர் கற்றுக்கொள்வார்கள். ஒழித்துவிட்டதாக அறிவித்தால், தெரிந்த ஒருவருக்கு வேலை நிரந்தரம். இது ஃபோர்ட்ரானுக்கு மட்டும்தானா என்ன?

செல்வம் செருப்பைக் கழற்றினார். லேப்டாப் பக்கம் வந்தார்.

"உங்க கமிட்டியில இன்னொரு ஓட்டுக்கு இடம் இருக்குமா... நீக்கத்தான்."