செல்வியக்கா வீட்டின் பொதுச் சுவர்

ஜாக்கி வைத்து வீடுகளை உயர்த்தும் வேலையில் சூப்பர்வைசராக இருக்கிறேன். மேற்குத் தாம்பரத்தில் எங்களுக்கு வேலை குறைந்ததே இல்லை. பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோடு போடுவார்கள். ரயில்வே ஷெட்டிலும் தோல் கம்பெனியிலும் வேலை பார்த்தவர்கள் கட்டிய தெருக்களில், படியேறி நுழைந்த வீடுகளுக்கு இப்போது படியிறங்கி நுழைய வேண்டும்.

செல்வியக்கா வீடு ரோட்டிலிருந்து மூன்று படி கீழே இருந்தது. மழைக்கு முன்னால் மூன்றடி தூக்கித் தர ஒப்புக்கொண்டேன்.

"பக்கத்து வீட்டை ஒட்டின சுவர் யாருதுக்கா?"

"எங்களுதுதான் சார். மாமனாரு கட்டுனது."

அவசரத்தில் அதோடு விட்டுவிட்டேன். பக்கத்து வீட்டுக்குள் போய்ப் பார்க்கவில்லை.

விசிலுக்கு ஒரு திருகு என்று ஜாக்கிகளைத் திருகி, வீட்டை நாலு அங்குலம் ஏற்றியிருந்தோம். பக்கத்து வீட்டு தேவராஜ் அண்ணன் பனியனோடு ஓடிவந்தார்.

"யோவ், நிறுத்துய்யா! வூடு பொளந்துகினு கீது!"

உள்ளே ஓடினேன். சுவரோரம் அவர் வீட்டு மேல்தளத்தில் விரல் நுழையும் விரிசல். அந்தத் தளத்தின் ஒரு பக்கம் நாங்கள் தூக்கிய சுவரின்மேல்தான் உட்கார்ந்திருந்தது.

"எங்கப்பாவும் அவங்க மாமனாரும் ஒரே ஷெட்டு. செங்கல்லு மிச்சமாவும்னு ரெண்டு வூட்டுக்கும் ஒரே சுவரா வச்சாங்க. இப்ப எறக்கு" என்றார்.

"எறக்கிட்டா மழையில நாங்க எங்க சார் போவோம்?" என்று செல்வியக்கா அழுதார்.

நாலு அங்குலத்தையும் இறக்கினோம். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. வாசலுக்கும் ரோட்டுக்குமாக நடந்தேன். எங்கள் கம்பெனி இன்ஜினியர் போனில் ஒரு வழி சொன்னார்: தேவராஜ் அண்ணன் பக்கம் தனித் தூண்கள் எழுப்பித் தளத்தைத் தாங்கிக்கொண்டு, அதைச் சுவரிலிருந்து அறுத்துவிட வேண்டும். அவர் முன்னறையில் ஓரடி போய்விடும்.

"தப்பு என்னுதுண்ணா. உங்க வீட்டுக்குள்ள வந்து பாக்காமலே ஆரம்பிச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டு, அந்த ஓரடியைக் கேட்டேன்.

தேவராஜ் அண்ணன் முன்னறைக்குள் போனார்.

"கட்டில நவுத்தணும். ஒரு கை புடி" என்றார்.

செல்வியக்கா வீடு மூன்றடி ஏறியது. அந்த மழையில் அங்கே சொட்டுத் தண்ணீர் நுழையவில்லை. தெருத் தண்ணீர் எல்லாம் தாழ்ந்து நின்ற தேவராஜ் அண்ணன் வீட்டுக்குள் போனது. போன் செய்தேன்.

"முட்டி வரைக்கும் கீது. செல்வி வூட்லதான் ஒக்காந்துகினு கீறோம். தூணு நல்லா நிக்குது, நீ பேஜாராவாத."

அவர் சொன்னது ஆறுதலாக இல்லை. தண்ணீர் அங்கேதான் போகும் என்று எனக்கு முன்பே தெரியும். தூணைப் பற்றிப் பேசிய அன்று அதைச் சொல்லாமல் விட்டேன்.

இப்போது வண்டியிலிருந்து ஜாக்கியை இறக்குவதற்கு முன் இரண்டு பக்கத்து வீட்டுக் கதவுகளையும் தட்டுகிறேன். சுவரைப் பார்க்கிறேன், தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதைக் கேட்டுச் சண்டை வந்து நின்றுபோன வேலைகள் உண்டு. நிற்கட்டும்.