ஆறாம் கட்டமும் ஒரு தகர மூடியும்

புறாக்களுக்கு இரை போட்டு வலையில் பிடிக்க அனுமதிக்கும் விதி ஒன்று வரப்போவதாக, க்யிம்யிண்டைங் படகுத்துறைக்குப் போகும் வழியில் வார்டு அலுவலகப் பலகையில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். அதை முழுவதும் நின்று படித்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். நாற்பது வருடம் எழுத்தராக இருந்தவனால் ஒட்டிய காகிதத்தைத் தாண்டிப் போக முடியாது. கம்பத்தைக் கண்ட நாயின் நிலைமைதான். வாசகம் மோசமாக இருந்தது. ஆட்சேபம் உள்ளவர்கள் கூட்டத்தில் தெரிவிக்கலாம் என்ற வரி மட்டும் தெளிவாக இருந்தது.

துறையின் படிக்கட்டருகே ஒரு பெண் புறாக்களுக்கான சோளம் விற்றுக்கொண்டிருந்தாள். அப்பா தமிழர், அம்மா பர்மியர். படகேறப் போகிறவர்கள் ஒரு தட்டு வாங்கித் தரையில் இறைத்துவிட்டு, குதோ, அதாவது புண்ணியம், சேர்ந்த நிம்மதியோடு போவார்கள். விடிந்ததும் முதல் தட்டை மட்டும் அவள் விற்கமாட்டாள். அது இறந்துபோன புருஷனுக்கு. பிஸ்கட் டப்பாவின் தகர மூடியை மூன்று முறை தட்டி, 'அம்யா, அம்யா, அம்யா' என்பாள். செய்த புண்ணியத்தில் எல்லா உயிரும் பங்கெடுத்துக்கொள்ளட்டும் என்று பௌத்தர்கள் விடுக்கும் அழைப்பு அது. சோளம் தரையில் விழுவதற்கு முன்பே கிடங்குக் கூரைகளிலிருந்து புறாக்கள் இறங்கிவிடும்.

அறிவிப்பைப் பற்றி நான்தான் அவளிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"இது என் இடத்துக்கும் வருமா, சயா?" என்று கேட்டாள். கொஞ்சம் படித்தவனாகத் தெரிந்தால் இங்கே எல்லாரும் சயாதான்.

"வரும். ஆட்சேபம் எழுதலாம். ஆனா பதிவில்லாத இடத்துக்கு ஆட்சேபம் செல்லாது தங்கச்சி. முதல்ல இடத்தைப் பதியணும்."

"இத்தனை வருஷம் பதியாமதானே போட்டேன்?"

"அதனாலதான் சொல்றேன்."

டீக்கடைக்காரர் காதில் இது விழுந்துவிட்டது. "சயா செத்தாலும் மேல போய், மனுவுல முத்திரை எங்கேன்னு கேப்பார்" என்றார். நானும் சிரித்தேன். அப்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

இரை போடும் இடங்களைப் பதிய ஒரு படிவம் உண்டு. யாரும் கேட்காததால், அலுவலகத்திலேயே அதைத் தேடித்தான் எடுத்தார்கள். எட்டுக் கட்டங்கள். ஆறாவது: 'பறவைகள் எவ்வாறு கூடுகின்றன?' அதைக் காலியாக விட்டிருந்தாலும் எவரும் கேட்டிருக்கமாட்டார்கள். காலிக் கட்டத்தோடு ஒரு காகிதத்தை நான் என் பணிக்காலத்தில் மேசையைத் தாண்ட விட்டதில்லை. 'விடியற்காலையில், தகர மூடியை மூன்று முறை தட்டியதும்' என்று எழுதினேன். அவள் கீழே கைநாட்டு வைத்தாள்.

கூட்டம் வார்டின் தர்ம மண்டபத்தில் நடந்தது. நெல் கிடங்குக்காரர் புறாக்கள் மூட்டைகளைக் கிழிப்பதாகச் சொன்னார். மாடியில் துணி உலர்த்தும் ஒருவர் எச்சத்தைப் பற்றி நீண்ட நேரம், ரசித்துப் பேசினார். ஒரு கிழவர் மட்டும் எழுந்து, வேட்டையாடுகிறவன் துரத்திப் பிடிக்கட்டும், தானம் போட்ட கையாலேயே கழுத்தைப் பிடிப்பது என்ன நியாயம் என்று கேட்டார். பிடித்த பறவைகளை ஆற்றுக்கு அக்கரையில் விட்டுவிடுவோம் என்றார் வார்டுத் தலைவர். புறா வறுவல் விற்கும் பீர் கடைகள் எந்தக் கரையில் இருக்கின்றன என்று எல்லாருக்கும் தெரியும்.

அவளுடைய ஆட்சேபத்தை நான் வாசித்தேன். குறை சொல்ல முடியாத மனு. தலைவர் மிகுந்த மரியாதையோடு கேட்டுக்கொண்டார். முடிவில், ஆட்சேபங்களை மதித்து ஒரு திருத்தம் செய்வதாக அறிவித்தார்: கண்ட இடத்தில் வலை போடக்கூடாது, பதிவு பெற்ற இரை போடும் இடங்களில் மட்டும்தான். மண்டபம் கைதட்டியது. நானும் பாதி தட்டிவிட்டேன். அதற்குப் பிறகுதான் பதிவேடு நினைவுக்கு வந்தது. அதில் இருந்தது ஒரே ஓர் இடம்.

வலைக்காரர்கள் வந்த காலையில் அவளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டார்கள். அவள் டீக்கடை ஓரத்தில் என் பக்கத்தில் நின்றாள். இரண்டு பேர் வலையை விரித்துச் சோளம் இறைத்தார்கள். புறாக்கள் கூரையில் உட்கார்ந்து பார்த்தன, இறங்கவில்லை. ஒருவன் லுங்கி மடிப்பிலிருந்து ஒரு நகல் காகிதத்தை எடுத்துப் பிரித்தான். வட்டவட்டமான, சீரான பர்மிய எழுத்துகள். என் மேலதிகாரிகள் நாற்பது வருடம் பாராட்டிய கையெழுத்து. அவன் படித்துவிட்டு, கொண்டுவந்திருந்த தகரத்தை மூன்று முறை தட்டினான்.

"அவன் அம்யா சொல்லவே இல்ல, சயா" என்றாள் அவள்.

புறாக்களுக்கு அந்தச் சொல் தேவைப்படவில்லை. மொத்தமாக இறங்கின.

கோபப்படுவாள் என்று இரண்டு நாள் அந்தப் பக்கமே போகாமல் இருந்தேன். மூன்றாம் நாள் போனபோது, பதிவிலிருந்து பெயரை எடுக்க ஏதாவது காகிதம் இருக்கிறதா என்றுதான் கேட்டாள். இருக்கிறது. எனக்குத் தெரியாத காகிதமா? ஆனால் பதிவு நீங்க வேண்டுமானால், தொடர்ந்து ஒரு மாதம் அந்த இடத்தில் ஒருவரும் இரை போட்டிருக்கக்கூடாது. விற்பனை போகட்டும், அந்த முதல் தட்டும் கூடாதா என்று கேட்டாள். கூடாது என்றேன். விதிகளை இவ்வளவு துல்லியமாக அறிந்து வைத்திருப்பதற்காக நான் வெட்கப்பட்டது அன்றுதான்.

அவள் மூடியைப் பைக்குள் போட்டுக் கட்டினாள். இப்போதும் விடிந்ததும் வந்து படியில் உட்கார்கிறாள், வேறு யாரும் இறைத்துவிடாமல் பார்த்துக்கொள்ள. மிஞ்சிய புறாக்கள் அவள் காலைச் சுற்றி நடக்கின்றன. கையை ஓங்கினால் விரட்டலாம், அதையும் செய்வதில்லை. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்கிறாள்.

மாதம் முடிந்ததும் நீக்கல் படிவத்தை வார்டு அலுவலகத்தில் கொடுத்தேன். அதிலும் அதே ஆறாம் கட்டம் இருந்தது. அதை மட்டும் காலியாக விட்டேன். நான்காம் நாள், 'முழுமையற்றது' என்ற முத்திரையோடு திருப்பி அனுப்பினார்கள். முறைப்படி சரியான முடிவுதான். அந்த மேசையில் நான் இருந்திருந்தாலும் அதையே செய்திருப்பேன்.

"வந்துடுச்சா, சயா?" என்று தினமும் கேட்கிறாள். இன்னும் இல்லை என்கிறேன். படிவம் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது.