இரண்டாவது குழாய்

கண்டியில் ஒரு புற்றுநோய் கிளினிக்கில்தான் அந்தப் பெண்ணைச் சந்தித்தேன். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வருவார். ஐம்பது வயதிருக்கும். மருந்தினால் முடி கொட்டிய தலையைப் பச்சைத் துணியால் இறுக்கிக் கட்டியிருப்பார். ஊசி போடுவதற்கு முன் சுடுதண்ணீர்ப் போத்தலை முழங்கை மடிப்பில் வைத்துக்கொள்வார். அப்போதுதான் நரம்பு தெரியுமாம்.

என் ஆய்வு மைக்ரோ ஆர்.என்.ஏ. பற்றியது. மரபணுக்கள் அளவு மீறி வேலை செய்யாமல் அடக்கி வைக்கும் மிகச் சிறிய மூலக்கூறுகள் அவை. அந்தக் கட்டுப்பாடு குலைந்தால் உடலின் கலங்கள் கண்டபடி பெருகிப் புற்றுநோயாகலாம். அவற்றை இரத்தத்தில் அளப்பதற்காக அவரிடம் ஒரு குழாய் இரத்தம் எடுத்திருந்தேன். நான் அவசரமாக இழுத்ததில் சிவப்பணுக்கள் உடைந்து, அது பயன்படாமல் போய்விட்டது.

அடுத்த முறை அவர் வந்தபோது உண்மையைச் சொன்னேன்.

"என்ர பிழைதான் அக்கா. திரும்ப எடுக்கவேணும். விருப்பமில்லையெண்டா வேண்டாம்."

"நரம்பு கிடைக்கிறதே கஷ்டம், தம்பி."

"இதால உங்கட வருத்தமும் சுகமாகாது."

"அதத்தான் போன தடவையே சொன்னீங்களே." மற்றக் கையை நீட்டினார். "இதுல எடுங்க. அவசரப்படாதீங்க, நான் அடுத்த பஸ்ல போறேன்."

இரண்டு முறை குத்த வேண்டியிருந்தது. இந்தக் குழாய் பழுதாகவில்லை. முதல் குத்து தவறி நான் மறுபடி நரம்பைத் தேடியபோது அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வலி தாங்காமலா, நான் கூச்சப்படக் கூடாது என்றா, இன்றும் எனக்குத் தெரியவில்லை.