இஞ்சி குடோனில் லென்ஸ் மாற்றாதீர்கள்: மட்டாஞ்சேரியில் மூன்று நாள்

2007 நவம்பர் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்து, சனி ஞாயிறையும் சேர்த்துக் கொச்சியின் மட்டாஞ்சேரிக்குப் போய் வந்தேன். காரணங்கள் இரண்டு. ஆரம்பநிலை டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேமரா ஒன்றை முப்பதாயிரத்துக்குச் சற்றுக் குறைவாகக் கொடுத்து வாங்கியிருந்தேன். "நானும் இதை வாங்கலாமா?" என்று கேட்டு எழுதிய வாசகர்களுக்கு, நாலு இடம் சுற்றிப் பார்க்காமல் பதில் சொல்ல மனமில்லை. இன்னொரு காரணம் சுஜா.

சுஜா என் பெரியம்மா மகள் மல்லிகா அக்காவின் ஒரே பெண். மட்டாஞ்சேரியில்தான் குடியிருக்கிறார்கள்; அத்தானுக்கு மாநகராட்சியில் பம்ப் ஆபரேட்டர் வேலை. சுஜாவுக்கு வயது இருபத்து மூன்று. கொச்சங்காடியில் ஓர் இஞ்சி குடோனில் கம்ப்யூட்டரில் பில் போடுகிறாள். அவளுக்கு ஒரு வரன் வந்திருந்தது. பக்கத்துப் பள்ளுருத்தியில் குடியேறிய தமிழ்க் குடும்பம், பையன் பிரகாஷ் ஷார்ஜாவில் வெல்டர். ஜாதகம் பொருந்திவிட்டது. படத்தைப் பார்த்துவிட்டுப் பையன் சரி என்றால், பெரியவர்கள் பெண் பார்க்க வருவார்கள். "ஸ்டுடியோக்காரன் எடுத்தா எல்லாப் பொண்ணும் ஒரே மாதிரி இருக்குடீ. நீ புதுக் கேமரா வாங்கியிருக்கியே, வந்து எடுத்துக் குடு" என்று அக்கா போனில் சொன்னாள். அதற்கு முன் இரண்டு வரன்கள் தட்டிப்போனது எனக்குத் தெரியும். ஏன் தட்டிப்போனது என்று நான் கேட்டதில்லை.

கோவையில் காலை ஆறேகாலுக்கு ரயில். எர்ணாகுளத்துக்கு ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர், நாலு மணி நேரம். ஸ்டேஷனிலிருந்து படகுத்துறைக்கு ஆட்டோ இருபது ரூபாய். அங்கிருந்து மட்டாஞ்சேரிக்குப் படகு இரண்டரை ரூபாய்தான், அரை மணிக்குள் போய்விடலாம். பஸ்ஸில் போகாதீர்கள். படகின் வலது பக்கம் உட்கார்ந்தால் வெயில் கண்ணில் படாது.

கேமராவின் நல்ல குணம் படகிலேயே தெரிந்துவிட்டது. என் பழைய சின்ன டிஜிட்டல் கேமராவில் பொத்தானை அழுத்தி, அது யோசித்து முடிப்பதற்குள் கொக்கு பறந்து போயிருக்கும். இதில் அழுத்திய நொடியிலேயே படம் விழுகிறது. கெட்ட குணமும் அங்கேயே தெரிந்தது. லென்ஸோடு சேர்த்து ஒரு கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைவு, கழுத்து வலிக்கிறது. படம் எடுக்கும் முன் திரையில் எதுவும் தெரியாது, ஓட்டையில் கண்ணை வைத்துத்தான் பார்க்க வேண்டும். பக்கத்தில் மீன்கூடையோடு இருந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, "சேச்சி, ஸ்க்ரீன்ல ஒண்ணும் காணலையே. கேடாயோ, ரிப்பேரோ?" என்று கேட்டார். இது இப்படித்தான், முப்பதாயிரம் ரூபாய்க் கேமரா என்றேன். "இத்தர பைசா குடுத்தா?" என்று தலையை ஆட்டிக்கொண்டார்.

பிற்பகல் மூன்று மணிக்கு, முதலாளியிடம் சொல்லிவைத்து, சுஜா என்னைத் தன் குடோனுக்கு அழைத்துப் போனாள். படகுத்துறையிலிருந்து நடந்து போகும் தூரம்தான். காய்ந்த இஞ்சியைச் சுண்ணாம்பில் புரட்டி வெளுப்பாக்கி மூட்டை கட்டுகிறார்கள். பெண்கள் முகத்தில் துணி கட்டிக்கொண்டு முறத்தால் புடைக்கிறார்கள். கூரை ஓட்டைகளின் வழியாக இறங்கும் வெயிலில் அந்த வெள்ளைத் தூசி தூணாக நிற்கிறது. எனக்குத் தலைகால் புரியவில்லை. தூரத்து முகங்களை எடுக்க, சின்ன லென்ஸைக் கழற்றி நீள லென்ஸை மாட்டினேன். பத்து நிமிடத்தில் மறுபடி மாற்றினேன்.

"சித்தி, மூக்கைப் பொத்திக்கோங்க. உள்ள போனா ரெண்டு நாளைக்கு இருமல் நிக்காது" என்றாள் சுஜா.

முந்தானையால் மூக்கையும் வாயையும் இறுக்கி மூடிக்கொண்டேன். லென்ஸ் இல்லாத கேமரா மூட்டையின் மேல் மல்லாந்து வாயைத் திறந்துகொண்டு கிடந்தது.

சனிக்கிழமை காலை பத்தரைக்கு போர்ட் கொச்சி கடற்கரை. ஆட்டோ முப்பது ரூபாய். அக்கா முந்தின நாளே எல்லாம் தீர்மானித்துவிட்டாள். மெரூன் பட்டு, மல்லிகைப் பூ, பின்னால் கரையோரம் நிற்கும் பெரிய மீன்வலையான சீனவலை. "வலையும் தெளிவாத் தெரியணும்" என்றதால் அப்பெர்ச்சரை எஃப்-16க்குச் சுருக்கினேன். லென்ஸின் துவாரம் சின்னதானால் கிட்டத்தில் இருப்பதும் தூரத்தில் இருப்பதும் சேர்ந்து தெளிவாக விழும். அக்கா என் காதருகே வந்து, "வலது பக்கம் மட்டும் எடுடீ" என்றாள்.

சுஜாவின் இடது கன்னத்தில், தாடைக்குச் சற்று மேலே, ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குச் சுட்ட தழும்பு உண்டு. ஐந்து வயதில் பப்படம் பொரிக்கும் எண்ணெய் தெறித்தது. வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நானும் சரி என்று தலையாட்டி, "கொஞ்சம் திரும்பும்மா, இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டே எடுத்தேன். சுஜா சொன்னபடி திரும்பினாள். கேமராவின் சின்னத் திரையில் படங்கள் பளிச்சென்று இருந்தன.

மூன்று படங்களைத் தேர்ந்தெடுத்து, பஸார் ரோட்டில் ஒரு பிரௌசிங் சென்டரிலிருந்து பிரகாஷுக்கு மின்னஞ்சலில் அனுப்பினோம். ஒவ்வொரு படமும் நாலு எம்.பி. ஏறி முடிக்க ஐம்பது நிமிடம். திரையில் கோப்பின் பெயர்களைத்தான் பார்த்தேன், படங்களைத் திறந்து பார்க்கவில்லை.

நாலு மணிக்கு அக்காவின் போன் அடித்தது. பிரகாஷ்தான். அக்கா சந்தோஷத்தில் ஸ்பீக்கரைப் போட்டாள்.

"அம்மா, தப்பா நெனைக்க வேண்டா. முகத்தில என்னமோ ஒரு பாடு காணுதே. அது என்னா?"

பாடு என்றால் அந்த ஊரில் தழும்பு, கறை. அக்கா என்னை முறைத்தாள். இடது பக்கம் நான் எடுக்கவேயில்லை.

"எந்தப் பக்கம் மோனே?"

"வலது கன்னத்தில. மூணு படத்திலயும் இருக்கே."

கேமராவை எடுத்து, பெரிதாக்கும் பொத்தானை அழுத்திக்கொண்டே போனேன். கன்னத்தின் நடுவில் மிளகளவுக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு புள்ளி. அடுத்த படத்திலும் அதே இடம். சுஜா இல்லாத படத்தைத் திறந்தேன். சீனவலைக்கு மேலே, வானத்தின் நடுவிலும் அதே புள்ளி. இஞ்சி குடோனின் சுண்ணாம்புத் தூசி, படம் பதியும் சென்சாரில் ஒட்டியிருக்கிறது! முகத்தை எப்போதும் நட்டநடுவில் வைத்தே எடுப்பது புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களின் பழக்கம். என் பழக்கத்தால் மூன்று படத்திலும் புள்ளி கன்னத்திலேயே போய் உட்கார்ந்துவிட்டது. துவாரத்தைச் சுருக்கினால் தூசி இன்னும் அழுத்தமாகத் தெரியும் என்பது கையேட்டிலேயே இருந்தது. நான் படித்திருக்கவில்லை.

"அக்கா, கேமராவுக்குள்ள தூசி" என்று முனகினேன்.

அக்காவுக்குப் போன உயிர் வந்தது. "கேட்டியா மோனே, அது கேமராவில பொடியாக்கும்! என் பொண்ணு முகத்தில ஒரு பாடும் கெடையாது. சத்தியமாச் சொல்றேன், கண்ணாடி மாதிரி முகம்!"

சாயா கொண்டுவந்த சுஜா தட்டைக் கீழே வைத்தாள். அம்மாவின் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"ஹலோ, சுஜாவாக்கும். வலது கன்னத்தில ஒண்ணும் இல்ல, அது கேமராப் பொடிதான். இடது கன்னத்தில உண்டு. சின்னதுல எண்ணெய் தெறிச்சது. அந்தப் பக்கம் படத்துல வரல. ரெண்டு மணிக்கூர்ல அனுப்பறேன், பாத்துட்டுச் சொல்லுங்க."

போனை வைத்துவிட்டாள். அக்கா தரையில் உட்கார்ந்து, "நாசமாக்கிட்டியேடீ, உன் வாயாலயே நாசமாக்கிட்டியே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். சுஜா என் பக்கம் திரும்பினாள்.

"கெளம்புங்க சித்தி. வெளிச்சம் போயிடும்."

எனக்கு வெட்கமாக இருந்தது. தூசியை நினைத்து அல்ல. காலையில் அரை மணி நேரம் அந்தப் பெண்ணைத் திரும்பு திரும்பு என்று சொல்லியிருக்கிறேன். எந்தப் பக்கம் எடுக்கட்டும் என்று ஒரு தடவைகூட அவளைக் கேட்கவில்லை. இரண்டு வரன்கள் ஏன் தட்டிப்போயின என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. படத்தில் மறைத்ததை நேரில் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

தெருமுனை ஸ்டுடியோவில் பாபு சேட்டன் என்பவர் குடோன் கதையைக் கேட்டுவிட்டு, கேமராவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இஞ்சி உணக்கிக் காயவைக்கவா சேச்சி கேமரா வாங்கினது?" என்று சிரித்தார். மெனுவில் சென்சார் சுத்தம் செய்யும் இடத்தைத் தேடி, உள்கண்ணாடியைத் தூக்கவைத்து, கேமராவைக் குப்புறப் பிடித்து ரப்பர் பந்தால் காற்றடித்தார். "வாயால ஊதிராதீங்க, எச்சில் ஒட்டினா பின்ன பணி கூடுதலாகும்" என்றார். வெற்றுச் சுவரை எஃப்-16இல் எடுத்துப் பெரிதாக்கிக் காட்டினார். புள்ளி போய்விட்டிருந்தது. முப்பது ரூபாய் வாங்கிக்கொண்டார்.

ஐந்தேகாலுக்கு அந்த ஸ்டுடியோவின் வாசலிலேயே எடுத்தேன். சுஜா பட்டுப்புடவையை மாற்றியிருந்தாள். சாதாரண நீலச் சுடிதார். கழுத்தைத் தானே திருப்பி இடது கன்னத்தைக் காட்டினாள். ஆரம்பநிலைக் கேமராதான், ஆனால் நல்ல வெளிச்சத்தில் எதையும் விட்டுவைப்பதில்லை. தழும்பின் சுருக்கம்கூடத் தெளிவாக விழுந்திருந்தது. கொஞ்சம் மங்கலாக இன்னொன்று எடுக்கட்டுமா என்று கேட்க வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன். இந்தத் தடவை பிரௌசிங் சென்டரில் படத்தைப் பெரிதாக்கி, மூலைக்கு மூலை பார்த்துவிட்டுத்தான் அனுப்பினோம்.

அன்று பதில் வரவில்லை. ஞாயிறு காலையிலும் வரவில்லை. அக்கா எனக்கு மரவள்ளிக் கப்பையும் மீன்குழம்பும் பரிமாறிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் ரயில் ஏறினேன்.

இந்தக் குறிப்புகளை ரயிலில்தான் எழுதினேன். கேமராவை வாங்கலாமா? வாங்கலாம். வேகமும் தெளிவும் கொடுத்த காசுக்கு மேல். எடை, முன்கூட்டித் திரையில் பார்க்க முடியாதது, தூசியைத் தானே உதறத் தெரியாதது ஆகியவை குறைகள். ரப்பர் பந்து ஒன்றைக் கேமராவோடு சேர்த்தே வாங்குங்கள். மட்டாஞ்சேரி குடோன்களுக்குப் போகிறீர்கள் என்றால் வெளியிலேயே லென்ஸை மாட்டிக்கொண்டு உள்ளே போங்கள், வெளியே வரும்வரை கழற்றாதீர்கள். தினமும் காலையில் வானத்தை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். சின்னத் திரையை மட்டும் நம்பி எந்தப் படத்தையும் யாருக்கும் அனுப்பாதீர்கள்.

ஒற்றப்பாலம் தாண்டியதும் சுஜாவிடமிருந்து எஸ்.எம்.எஸ். தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தாள்.

"சித்தி, இப்பத்தான் ஷார்ஜாலேர்ந்து கூப்பிட்டாங்க. அடுத்த ஞாயிறு அவங்க வீட்லேர்ந்து வராங்க. அவங்களுக்கும் வெல்டிங்ல தீப்பொறி பட்டு முழங்கையில ஒரு பாடு இருக்காம். படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கேன்."