மனப்பாடப் பத்தி

கண்ணாடிக் கடைக்காரருக்கு இருபது வருடமாக ஒரே வேலை. ஆளை நாற்காலியில் உட்கார வைத்து, சுவரில் மாட்டிய அட்டையில் எழுத்தெழுத்தாகக் காட்டிக் கண்ணைச் சோதிப்பது. வண்டி ஓட்ட உரிமம் வாங்க வருகிறவர்களில் சிலர் அட்டையை முன்னாலேயே நெட்டுருப் போட்டுவிட்டு வருவார்கள். "ஒப்பிக்காதீங்க, தெரியறதைச் சொல்லுங்க" என்று நாலு பேர் முன்னால் அவர்கள் மானத்தை வாங்கிவிடுவார்.

எழுத்தையே பார்த்துப் பார்த்து, நாமே ஒன்று வரைந்தால் என்ன என்று ஆசை வந்துவிட்டது. இரண்டு வருடம் கணினியோடு மல்லுக்கட்டி ஒரு முழு எழுத்துரு செய்து முடித்தார். மாதிரிக்கு, குளத்து வாத்துகளைப் பற்றி ஒரு பத்தி. அதைப் பெரிது பெரிதாக அச்சடித்து வீடெங்கும் ஒட்டினார். பாவம், மனைவி சமையலறையிலும் வாத்தோடுதான் குடித்தனம் நடத்தினாள்.

நூலகத்தின் மாத இதழை வடிவமைப்பது அச்சகத்து அக்கா. பல எழுத்துருக்கள் செய்தவர். அவர் தலையாட்டினால் அடுத்த இதழே இவர் எழுத்தில் வரும். கணவனும் மனைவியும் அச்சக மாடிக்குப் போனார்கள்.

அக்கா பத்தியைச் சின்னதாக அச்சடித்து மேசையில் வைத்தார்.

"ஒவ்வொரு எழுத்தும் தனியாப் பாத்தா ராஜா மாதிரி இருக்கு. பக்கத்துல பக்கத்துல வச்சாத்தான் ஒண்ணுக்கொண்ணு டூ விட்ட மாதிரி நிக்குது. சொல்லாவே சேரல. உங்க சுவத்து அட்டை மாதிரியே வரைஞ்சிருக்கீங்க."

கடைக்காரருக்குக் காது சிவந்தது. "நல்லாத்தான் படிக்க முடியுது" என்று முணுமுணுத்தார்.

"நாம ரெண்டு பேரும் சொல்லி என்ன ஆகப்போகுது? அண்ணி படிக்கட்டும்."

மனைவி தாளை வாங்கித் தடங்கலே இல்லாமல் படித்தாள். வாத்துகள் குளத்தைச் சுற்றி வந்து கரையேறியும் விட்டன.

அக்கா வியந்துபோனார். "சரிதான், நான்தான் தப்பாச் சொல்லிட்டேன் போல. அடுத்த இதழ்ல போட்டுருவோம்."

கடைக்காரர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். மூக்கில் கண்ணாடி இல்லை. அது இல்லாமல் அவளுக்குப் பால் பாக்கெட்டில் போட்ட தேதிகூடத் தெரியாது. அளவு பார்த்துப் போட்டுக் கொடுத்தவரே அவர்தான். அதைப் பற்றி மூச்சுவிடாமல், "ரொம்ப நன்றிக்கா" என்று கும்பிட்டுவிட்டு இறங்கினார்.

படியில் மனைவி, "எப்படி?" என்று சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஒப்பித்ததற்காக எத்தனை பேரை நாற்காலியிலிருந்து எழுப்பி அனுப்பியிருக்கிறார்! வெட்கம் பிடுங்கித் தின்றது. திரும்பி மேலே ஏறினார். அவளும் பின்னாலேயே வந்தாள்.

"அக்கா, இவ படிக்கல. ஒப்பிச்சா. எனக்கு அப்பவே தெரியும்."

"உங்களுக்காகத்தானே..." என்றாள் மனைவி. அவளையும் தலைகுனிய வைத்தாயிற்று. இருவர் முகத்தையும் பார்க்க அவருக்குத் தெம்பில்லை.

அக்கா போன மாத இதழிலிருந்து ஒரு பத்தியை எடுத்து, அவருடைய எழுத்துக்கு மாற்றி, அச்சடித்து நீட்டினார்.

"இதுல வாத்து இல்ல. நீங்களே படிங்க."

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு தொடங்கினார். அத்தனை எழுத்தும் அவர் கையால் வரைந்தவை. இரண்டாவது வரியில் திக்கி நின்றுவிட்டார்.