படிவத்தில் எழுதிய பெயர்

வெள்ளத்துக்கு எங்கள் வீட்டில் ஒத்திகை நடக்கும். நடத்துபவர் சின்னம்மா, ஓடுபவள் நான். அம்மாவின் தங்கையான அவருக்கு இடது கால் முழங்காலோடு இல்லை. வலது காலிலும் பலமில்லாததால் சக்கர நாற்காலியில்தான் திரிவார். நாங்கள் அதைக் கதிரை என்போம். தர்மபுரத்துக்குக் கிட்ட, குளத்துக்குக் கீழே இருந்தது எங்கள் வீட்டு வளவு. குளம் நிறைந்து வான்கதவைத் திறந்தால் முதலில் நனைவது நாங்கள்தான்.

அதற்காகச் சின்னம்மா தானே ஒரு திட்டம் போட்டிருந்தார். குசினிக்குள் அடுப்புக்கு எதிர்ச் சுவரில் காற்றடித்த ட்ரக்டர் டியூப் ஒன்று தொங்கும். அடையாள அட்டை, காணிப் பத்திரமெல்லாம் மூடி போட்ட பிளாஸ்டிக் வாளிக்குள். மாதம் ஒருமுறை விசில் ஊதுவார். டியூப், வாளி, கயிறு மூன்றையும் நான் கதிரையடிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். "நாலு நிமிசம். இந்த வேகம் காணாது, திருப்பி ஓடு" என்பார், கைக்கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமலே. பதினொரு வயதில் எனக்கு மூச்சு வாங்கியதெல்லாம் அவரால்தான். அப்பா இதைப் பார்த்துச் சிரிப்பார். டியூப்புக்குக் காற்றடித்துக் கொடுப்பதும் அவர்தான்.

இப்படிப்பட்டவர் ஒரு விஷயத்தில் மட்டும் பிடிகொடுக்கவில்லை. வெள்ள நேரத்தில் உதவி தேவைப்படும் ஆட்களின் விபரம் எடுக்கக் கிராம சேவகர் வந்தார். ஊரில் அவரை விதானையார் என்போம். வாசல் படலையில் நின்றபடியே, "அக்கா, ஒரு சின்னப் பதிவு" என்றார். சின்னம்மா கதிரையைத் திருப்பிக்கொண்டு அறைக்குள் போய்விட்டார்.

"என்ர பேர் ஒரு பதிவிலயும் வேண்டாம்" என்று குரல் மட்டும் வெளியே வந்தது. அம்மா விதானையாருக்குத் தேத்தண்ணி கொடுத்துச் சமாளித்து அனுப்பினார். போர் முடிந்த கையோடு பதிவு என்று இராணுவம் கூப்பிட, போனவர்களில் சிலர் திரும்பி வரவேயில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. சின்னம்மாவுக்கு வீண் பிடிவாதம் என்றே நினைத்தேன்.

கொஞ்ச நாளில் பாடசாலையில் அனர்த்த முன்னாயத்தம் என்று ஒரு படிவம் தந்தார்கள். வீட்டில் யாருக்கு உதவி தேவை என்று அதில் கேட்டிருந்தது. விடுவேனா? சின்னம்மாவின் பெயர், இல்லாத கால், கதிரையின் அகலம் எல்லாவற்றையும் முத்து முத்தாக எழுதிக் கொடுத்தேன். ரீச்சர் அதை விதானையாரிடம் சேர்த்துவிட்டார். வீட்டில் நான் மூச்சு விடவில்லை.

மார்கழியில் இரண்டு நாள் விடாமல் மழை பெய்தது. மூன்றாம் நாள் காலை, வான்கதவு திறக்கப்போவதாக ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அப்பாவும் அம்மாவும் மாடுகளை மேட்டுக்குச் சாய்த்துக்கொண்டு போயிருந்தார்கள். சின்னம்மா விசில் ஊத, நான் ஓட, முற்றத்தில் தண்ணீர் கணுக்காலுக்கு வர, பின்னால் பெட்டி பூட்டிய ட்ரக்டர் ஒன்று நேரே எங்கள் படலைக்கு வந்து நின்றது. விதானையார் குதித்து இறங்கினார். எங்கள் வீடுதான் அவருடைய பட்டியலில் முதலாவது.

"என்ர பேரை ஆர் தந்தது?"

விதானையார் என் படிவத்தைக் காட்டினார். பாராட்டு வரப்போகிறது என்று நான் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன்.  சின்னம்மா என்னை ஒருமுறை பார்த்துவிட்டு அவரிடம் திரும்பினார். "வேற ஆர் இருக்கினம் இதில?"

விதானையார் நாலைந்து கிழவர் கிழவிகளின் பெயரை வாசித்தார்.

"அவ்வளவுதானோ? எழுதுங்கோ. வாய்க்கால் கரையில மூண்டாவது வீடு, ரெண்டு கண்ணும் தெரியாது, கையைப் பிடிச்சு இழுக்காமல் தோளைக் குடுங்கோ. தையல் கடைக்குப் பின்னால ஒரு பொம்பிளைப் பிள்ளை, இடுப்புக்குக் கீழ உணர்வில்லை, தூக்கேக்க முதுகு வளையக்கூடாது. கோயில் ஒழுங்கையில கடைசி வீடு, காது கேளாது, வெளியில நிண்டு கூப்பிடாமல் உள்ளுக்குப் போங்கோ."

"இவை ஒருத்தரும் பதியேல்லையே அக்கா."

"பதியமாட்டினம். முதல் அவையை ஏத்திக்கொண்டு வாங்கோ. எங்களிட்ட டியூப் இருக்கு."

எனக்கு அழுகை வந்தது. படலையைத் தாண்டாத சின்னம்மாவுக்கு இத்தனை வீட்டு விபரம் எப்படித் தெரியும் என்று யோசிக்கக்கூடத் தோன்றவில்லை. கண்முன்னால் நிற்கிற ட்ரக்டர் போகப்போகிறதே என்பதுதான் என் பயம்.

"நான் கூப்பிட்டால் வருவினமோ? ஆர் சொன்னதெண்டு சொல்ல?" என்று கேட்டார் விதானையார்.

சின்னம்மா ஒரு பெயரைச் சொன்னார். நான் எழுதிக் கொடுத்த பெயர் அல்ல அது. நான் ஒருநாளும் கேட்டிராத பெயர்.

ஆயுதம் தூக்கி இயக்கத்தில் இருந்தவர்களுக்கு வீட்டில் ஒரு பெயரும் அங்கே ஒரு பெயரும் இருந்தது எனக்கு எங்கே தெரியும்? பதற்றத்தில் சின்னம்மாவுக்குத் தன் பெயரே மாறிவிட்டது என்று நினைத்தேன். "அது பிழை, நான் எழுதினதுதான் சரி!" என்று கத்தினேன். இருவரும் என்னைக் கவனிக்கவில்லை.

ட்ரக்டர் திரும்பி வந்தபோது தண்ணீர் கதிரைச் சில்லின் பாதியில் நின்றது. பெட்டிக்குள் மூன்று பெண்கள் இருந்தார்கள். சின்னம்மாவை ஏற்றியதும் கண் தெரியாதவர் அவரின் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். பாடசாலை மேட்டில் இறங்கியதும் விதானையார் பட்டியலை மழை படாமல் விரித்து, மூன்று பேரின் விபரத்தையும் அழகாக எழுதினார். எட்டிப் பார்த்தேன். சின்னம்மா சொன்ன அந்தப் பெயர் எங்குமே இல்லை. மனுசன் அதை மறந்துபோனார் என்றுதான் வெகுகாலம் எண்ணிக்கொண்டிருந்தேன்.