பூட்டாத கிட்டங்கி

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். நாலு பேர் கூடிய இடத்தில் என் பெயரைச் சொல்லவே நாக்கு ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டவள் எழுத வந்தது அதிகப்பிரசங்கித்தனம் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுதத் தெரிந்தவர்கள் உண்மையை எழுதியிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன்.

என் வீட்டுச் சுவரில் ஓர் ஆமைப்பூட்டு தொங்குகிறது. உள்ளங்கை அளவு, பித்தளை, விளிம்பெல்லாம் கறுத்துப்போனது. எதையும் பூட்டாமல், ஆனால் பூட்டியபடியே ஆணியில் தொங்குகிறது. திறப்பு, அதாவது சாவி, இல்லை. பழைய இரும்புக்காரனிடம் போடச் சொல்லிப் பலர் சொல்லிவிட்டார்கள். சென்ற மாதம் பட்டினத்து முதலாளி ஒருவரின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குப் போன உறவுக்காரி, அங்கே கொடுத்த கல்வெட்டை என்னிடம் தந்தாள். செத்தவரின் வரலாற்றை அச்சடித்து வீட்டுக்காரர் கொடுக்கும் புத்தகம் அது. தெருவில் நின்ற ஏழைப் பிள்ளைகளுக்காகத் தன் சரக்குக் கிட்டங்கியை உவந்தளித்த வள்ளல் என்று முதலாளியை அதில் புகழ்ந்திருந்தார்கள். அந்தக் கிட்டங்கியின் பூட்டுத்தான் என் சுவரில் தொங்குவது. அங்கே பிள்ளைகளை வைத்துப் பார்த்தவர் என் அத்தான். அவரைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

அத்தான் என் அக்காவின் கணவர். பெரியகடைக்குப் பின்னால் இருந்த குறுகிய சந்தான ஓர் ஒழுங்கையில் பிறந்தவர். தகப்பன் மூட்டை சுமந்தவர். மீசை அரும்பும் வயதில் தியேட்டர் வாசலில் கள்ள விலைக்கு ரிக்கெற் விற்று, அதற்காகச் சண்டை பிடித்து, சண்டியன் என்று பெயர் எடுத்தார். பெயர் எடுத்ததும் பெரிய மனிதர்கள் கூப்பிடத் தொடங்கினார்கள். எங்கள் ஊர்ப் பெரிய மனிதர்கள் வேலிச் சண்டைக்குக் கோட்டுக்குப் போவார்கள். கோட்டில் முடியாவிட்டால் இப்படி ஒருவரைப் பிடிப்பார்கள். இந்த முதலாளிக்கு வட்டுக்கோட்டையில் ஒரு காணி இருந்தது. பக்கத்துக் காணிக்காரரோடு எல்லைத் தகராறு. அத்தான் போய் அந்த மனிதரின் வலக்கையை வெட்டினார். யார் அனுப்பியது என்று நீதிபதி கேட்டபோது வாயைத் திறக்கவில்லை. அவர் மறியலில் கம்பி எண்ணிய வருடங்களில் முதலாளி கோயில் திருவிழாக்களில் முன்வரிசையில் நின்றார்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு தொடக்கத்தில் அத்தான் வெளியே வந்தார். அக்கா அவரைக் கட்டிக்கொண்டு போனபின் கொக்குவிலில் எங்கள் வீட்டில் அவள் பெயரை எடுக்கக்கூடாது என்று ஆயிற்று. எங்களைப் பெற்ற ஐயா கண்ணை மூடிய பிறகுதான் நான் அவளிடம் போனேன். அந்த ஆடிக் கலவரத்தில் தெற்கிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய சனங்களின் பிள்ளைகளும் ஒழுங்கைப் பிள்ளைகளும் அப்போது பஸ் நிலையத்தில்தான் நின்றார்கள். சிலர் பொக்கற் அடித்தார்கள். சிலர் சைக்கிள் செயினை இடுப்பில் சுற்றிக்கொண்டு திரிந்தார்கள். அத்தான் அவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எண்பத்தாறில் ஒருநாள் அக்காவிடம் சொன்னார்: "உவங்களையும் ஆரோ ஒரு பெரிய மனுசன் கூப்பிடுவான். அதுக்கு முந்தி நான் கூப்பிடவேணும்."

முதலாளியிடம் போய் ஒழுங்கை முனையில் சும்மா கிடந்த கிட்டங்கியைக் கேட்டார். முதலாளி கொடுத்தார். ஆமி இருந்த கோட்டையிலிருந்து ஷெல் வந்து விழுகிற தூரத்தில் இருந்த கட்டடம் அது. ஒரு சீனி மூட்டையை அங்கே வைக்க அவருக்குப் பயம். பிள்ளைகளை வைக்கப் பயமில்லை. உவந்தளித்தது என்று கல்வெட்டில் எழுதியிருப்பது இதைத்தான்.

காலையில் நான் கஞ்சி காய்ச்சுவேன். "அக்கா, உந்தக் கஞ்சிக்குள்ளை அரிசி தேட ஒரு ரோச் லைற் தாங்கோ" என்று பிள்ளைகள் என்னைப் பகிடி பண்ணுவார்கள். வாசலில் ஒரு பெட்டி இருந்தது. இடுப்பில் இருப்பதை அதற்குள் போட்டுவிட்டுத்தான் கோப்பையைத் தொடலாம். பிறகு சின்னவர்கள் பள்ளிக்கூடம் போவார்கள். அவர்களைச் சேர்க்க அத்தான் எத்தனை தலைமையாசிரியர்கள் முன்னால் நின்றிருப்பார்! ஒருவர்கூடக் கதிரையில் இருக்கச் சொல்லவில்லை. பெரியவர்களில் சிலரை வெல்டிங் பட்டறையில் விட்டார். எழுத்துத் தெரியாதவர்களுக்கு நான் தலையைக் குனிந்துகொண்டே அ, ஆ சொல்லிக்கொடுத்தேன். போக்கிடம் இல்லாதவர்கள் அங்கேயே படுத்தார்கள். கதவில் அந்த ஆமைப்பூட்டு எப்போதும் வாய் திறந்தபடி தொங்கியது. "பூட்டினால் உள்ளை என்னமோ இருக்கெண்டு களவெடுக்க வருவாங்கள். திறந்து கிடந்தால் சும்மா வருவாங்கள்" என்பார் அத்தான். ஒருநாளும் பூட்டாததால் அதன் திறப்பு எங்கே என்று நாங்கள் தேடவுமில்லை.

ஆனால் பிள்ளைகள் கஞ்சிக்காக மட்டும் வரவில்லை. சண்டியனைப் பார்க்க வந்தார்கள். அவருடைய பழைய கதைகள் அவர்கள் வாயில் நாளுக்கு நாள் வளர்ந்தன. நெட்டையன் என்று நாங்கள் கூப்பிட்ட பையன்தான் எல்லாரிலும் கெட்டிக்காரன். அவனே கேட்பான்.

"அண்ணை, ஒரே வெட்டோ?"

"ஓமடா. அந்தாள் இப்ப இடக்கையாலை சோறு தின்னுது. போய்ப் பார்த்திட்டு வந்து சிரி."

அவர்கள் பார்க்கப் போகவில்லை. சிரிக்க மட்டும் செய்தார்கள். அந்தக் கதையில் அவர்களுக்குக் கேட்டது வெட்டு மட்டும்தான். அத்தானுக்கும் அது தெரியும். தெரிந்துகொண்டே, இன்னும் கொஞ்ச நாளில் விளங்கும், இன்னும் கொஞ்ச நாளில் விளங்கும் என்று இருந்தார்.

தொண்ணூறில் கோட்டையிலிருந்து ஆமி போனது. ஷெல் நின்றது. அந்த ஐப்பசியில் முஸ்லிம் குடும்பங்களை ஆயுத இயக்கம் வெளியேற்றியபோது எங்கள் பிள்ளைகளில் இரண்டு பேரும் போனார்கள். அவர்களுடைய கோப்பைகளை அத்தான் எடுக்கவிடவில்லை. பொருளாதாரத் தடையில் சவர்க்காரமும் மண்ணெண்ணெயும் தங்கம் போல ஆயின. பதுக்கி வைத்தவன் பணக்காரன் ஆனான். முதலாளிக்குத் தன் கிட்டங்கி நினைவுக்கு வந்தது.

மறு வருடம் ஆவணியில் ஒரு காலை, கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்த நேரம், புதுப் பூட்டோடும் இரண்டு ஆட்களோடும் அவர் வந்து நின்றார். நெட்டையனும் இன்னும் மூன்று பேரும் அந்த மார்கழியில் பள்ளிக்கூடத்தின் பெரிய சோதினையான சாதாரணதரம் எழுத இருந்தார்கள். அந்த ஒழுங்கையிலிருந்து அதுவரை ஒருவரும் எழுதியதில்லை.

"பிள்ளையள் சோதினை எழுதி முடியட்டும் ஐயா. மார்கழி முடியும் மட்டும் விடுங்கோ" என்றார் அத்தான்.

"காவாலியளுக்குச் சோதினையோ?" முதலாளி சிரித்தார். "பின்னேரம் எனக்கு லொறி வருது. எல்லாத்தையும் தூக்கி வெளியாலை போடு."

அத்தான் வாசலை விட்டு நகரவில்லை. வட்டுக்கோட்டை விசயத்தில் வாய் திறக்காமல் இருந்ததை மட்டும் ஞாபகப்படுத்தினார், அதுவும் மெதுவாக. முதலாளி அவர் கன்னத்தில் அறைந்தார். "மறியல் சோறு திண்ட நாய், எனக்குக் கணக்குச் சொல்லுதோ?"

திருந்தியவர் என்று தெரிந்துதான் அறைந்தார். பழைய ஆளாக இருந்தால் முதலாளி அந்த ஒழுங்கைக்குள் காலே வைத்திருக்க மாட்டார்.

பிள்ளைகள் கோப்பைகளை வைத்துவிட்டு எழுந்துவிட்டார்கள். நெட்டையன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றான். "அண்ணை, ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. எங்களுக்கு அது காணும்." அத்தானின் வலக்கை எழுந்ததை நான் கண்டேன். எழுந்த கை தன் கன்னத்தைத் தடவிவிட்டு இறங்கியது. "வாங்கோடா, கோப்பையளை எடுங்கோ, போவம்" என்றார். ஒருவரும் எடுக்கவில்லை. அவரே குனிந்து ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார். முதலாளியின் ஆள் பழைய பூட்டைக் கழற்றி மண்ணில் எறிந்தான். அதையும் எடுத்தார்.

நெட்டையன் காறித் துப்பினான். "நீங்கள் சண்டியனெண்டெல்லோ உங்களிட்டை வந்தனாங்கள்" என்று சொல்லிவிட்டு, பெட்டிக்குள் இருந்த தன்னுடையதை எடுத்துக்கொண்டு போனான். மற்றவர்களும் ஒவ்வொருவராகத் தங்களுடையதை எடுத்தார்கள்.

அவன் சோதினை எழுதவில்லை. அடுத்த வருடம் அவனுடைய அஞ்சலிப் படத்தை மதில்களில் ஒட்டியிருந்தார்கள். படத்தின் கீழே இயக்கம் வைத்த வேறு ஒரு பெயர் இருந்தது. அத்தான் ஒரு மதிலுக்கு முன்னால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றதாகச் சொன்னார்கள். கிட்டங்கி நிறையச் சவர்க்காரம் இருந்தது. தொண்ணூற்றைந்தில் ஊர் முழுக்க இடம்பெயர்ந்து ஓடியபோது கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் காய்ச்சல் கண்டு அத்தான் செத்தார். அவருக்கு யாரும் கல்வெட்டு அடிக்கவில்லை. சண்டியனாக இருந்து திருந்திய மனிதன் என்று இப்போது சிலர் மெச்சுகிறார்கள். திருந்திய மனிதனைத் தங்களுக்குப் பக்கத்தில் ஒருநாளாவது இருத்தியவர்கள் அவர்களில் ஒருவரும் இல்லை.

கிட்டங்கி பறிபோன அன்று பின்னேரம் அத்தான் எங்கள் அடுப்படி வாசலில் குந்தியிருந்து அந்தப் பூட்டின் மண்ணைத் துடைத்தார். கன்னம் வீங்கியிருந்தது.

"பிள்ளை, நான் அடிச்சிருந்தால் எல்லாரும் நிண்டிருப்பாங்கள். என்ன?"

"ஓம் அத்தான்."

"அதுதான் எனக்கு விளங்கேல்லை" என்றார். பிறகு பூட்டைக் கையால் ஓர் அமத்து அமத்தினார். அது முதல் தடவையாகப் பூட்டிக்கொண்டது. எழுந்து அதைச் சுவரில் ஓர் ஆணியில் கொழுவினார். நான் எந்த வீட்டுக்கு மாறினாலும் அப்படியே கொழுவுகிறேன்.

மறுநாள் விடிய எங்கள் முற்றத்தில் வழக்கமான அளவுக்குக் கஞ்சி காய்ச்சினேன். மத்தியானம் வரை ஒருவரும் வரவில்லை. பக்கத்து வீட்டு ஆட்டுக்கு ஊற்றினோம்.